ஒன்பது சாண்

பழுது என்னுடையது. பழியை அக்காவின் மேல் போட்டேன். என் மேசையில் இருக்கும் இந்தச் சிறிய வானொலி அவருடையது. பின்மூடி உடைந்தபோது அவர் சுற்றிய கறுப்பு நாடா இன்னும் அப்படியே ஒட்டிக்கொண்டிருக்கிறது.

ஜெலாப்பாங் என்ற ஊரில், மோட்டாரின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் இன்வெர்ட்டர்கள் செய்யும் தொழிற்சாலையில் நான் பொறியாளராக இருந்தேன். அந்தப் பெட்டிக்குள் மின்சாரம் நொடிக்குப் பல்லாயிரம் முறை வெட்டி வெட்டி விடப்படும். ஒவ்வொரு வெட்டும் காதுக்குக் கேட்காத மின்காந்த இரைச்சல் ஒன்றைச் சுற்றிலும் வீசும். அது வரம்பை மீறினால் சோதனைக்கூடம் பெட்டியைத் திருப்பி அனுப்பிவிடும். ஆகவே சர்க்யூட் பலகையைச் செய்வதற்கு முன்பே, வரைபடத்திலிருந்து இரைச்சலைக் கணித்துவிட வேண்டும். அது என் வேலை.

அக்கா என்று நான் கூப்பிட்ட அவர் அங்கே சோதனை மேசையில் வேலை பார்த்தார். தாப்பா பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவர். ரப்பர் போய் எண்ணெய் தரும் செம்பனை வந்து வேலை குறைந்தபின் தொழிற்சாலை பஸ் ஏறியவர். என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவர், என்னைத் தம்பி என்றுதான் கூப்பிடுவார். ஓடிக்கொண்டிருக்கும் பலகைக்குப் பக்கத்தில் வானொலியில் தமிழ்ச் செய்தியை வைத்து, மெல்ல விலக்கிக்கொண்டே போவார். கரகரப்பைத் தாண்டி வாசிப்பவரின் குரல் எங்கே தெளிகிறதோ அதுவரை மேசையைச் சாணால் அளந்து ஒரு நோட்டில் எழுதிக்கொள்வார். பக்கத்திலேயே மின்பாதையின் படத்தையும் வரைந்து வைப்பார். எல்லாரும் சிரித்தோம்.

ஒருநாள் என் புதிய வரைபடத்தை வெகுநேரம் பார்த்தார்.

"தம்பி, கரண்டு போய்த் திரும்புற வழி ரொம்ப சுத்துதுலா. இது ஒம்பது சாணுக்குக் கத்தும். நாலுக்கு மேல போனது எதுவும் லேப்ல பாஸானதில்ல."

"என் கணக்கு பாஸுங்குது அக்கா. ரேடியோவ நம்பி பலகை செய்ய முடியுமா?"

அந்தச் சுற்றை என் கணக்கில் நான் சேர்த்திருக்கவே இல்லை. நூற்றுக்கணக்கில் பலகைகள் செய்தபின் சோதனைக்கூடம் அத்தனையையும் திருப்பி அனுப்பியது. கூட்டத்தில் மேலாளர் காரணம் கேட்டார். வடிவமைப்பு சரி, சோதனை மேசையில் கவனக்குறைவு என்றேன். அக்கா கதவோரம் நோட்டுடன் நின்றிருந்தார். அதைத் திறக்கவில்லை. நானே சொல்வேன் என்று காத்திருந்தார் என்பது எனக்கு அப்போதே தெரியும்.

அவரைப் பொதிகட்டும் பிரிவுக்கு மாற்றினார்கள். ஒரு மாதத்தில் வேலையை விட்டார். போகும்போது, "வாரேன் சார்" என்றார். தம்பி என்று சொல்லவில்லை. சோதனை மேசையின் இழுப்பறையில் வானொலியையும் நோட்டையும் விட்டுப் போயிருந்தார். அந்த நோட்டை வைத்துத்தான் என் கணிப்பு முறையைத் திருத்தினேன். அதன்பின் என் கணிப்புகள் தவறவில்லை. பதவி உயர்ந்தது. எங்கிருந்து கற்றேன் என்று யாருக்கும் சொல்லவில்லை.

ஓய்வு பெற்று நெடுநாள் கழித்து, நடந்ததை எல்லாம் இரண்டு பக்கத்தில் எழுதினேன். அன்றைய கூட்டத்தில் இருந்தவர்களில் உயிரோடிருக்கும் மூவருக்கும் அனுப்பிவிட்டு, ஒரு பிரதியோடும் அந்த நோட்டு, வானொலியோடும் தாப்பாவில் மகள் வீட்டில் இருந்த அக்காவைப் பார்க்கப் போனேன். கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு கடைசி வரிவரை படித்தார்.

"ஏழு சாண்னு எழுதியிருக்கீங்க. நான் ஒம்பதுன்னுதானே சொன்னேன்."

திரும்பி வந்த பலகையை நானே அளந்து பார்த்தேன், ஏழுதான் வந்தது என்றேன். அக்கா தன் கையை மேசைமேல் விரித்து வைத்தார். அதன் பக்கத்தில் என் கையை வைத்தேன்.

"ஒங்க கை பெருசு சார்" என்றார்.

குற்றத்தை ஒப்புக்கொள்ளும்போதும் என் கையால்தான் அளந்திருக்கிறேன். ஒன்பது என்று திருத்தி மறுபடியும் மூவருக்கும் அனுப்பினேன். ஒருவரும் பதில் எழுதவில்லை. அக்கா நோட்டை மட்டும் வைத்துக்கொண்டு, வானொலியை என்னிடமே தந்துவிட்டார்.

இப்போது அந்த அலைவரிசையில் தமிழ் இல்லை, வேறு ஒலிபரப்பும் இல்லை. கைப்பேசி சார்ஜரின் அருகே வைத்தால் கரகரக்கிறது. மெல்ல விலக்கிக்கொண்டே போகிறேன். ஓரிடத்தில் இரைச்சல் அடங்குகிறது. அதற்கப்பால் யாரும் பேசவில்லை.