வெட்டிய கொப்பும் பரிசு வாங்கிய படமும்

ஒரு படம் பரிசு வாங்கியிருக்கிறது. ராஜாளிக் கழுகு ஒன்று சிறகை விரித்துத் தன் குஞ்சின்மேல் கவிந்து நிற்கிறது. ‘தாய்ப்பாசம்’ என்று தலைப்பு வேறு. விழுப்புரத்தில் என் ஆபீசில் ஆளாளுக்கு அதை அனுப்பி இதயம் போடுகிறார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

அந்தக் கூடு கெடார் பக்கம், எனக்குத் தெரிந்த ஓர் அக்கா வேர்க்கடலை போடும் மல்லாட்டைக் கொல்லையில், புளியமரத்து உச்சியில் இருந்தது. முதலில் பார்த்தவன் நான்தான். இந்த இனமே அருகிக்கொண்டு வருகிறது, இந்த ஜோடிக்கு இருப்பதும் ஒரே குஞ்சு என்று அக்காவிடம் சொன்னேன். அது புளி உலுக்கும் மாசி மாதம். மரத்தில் ஆள் ஏறித் தடியால் அடித்தால் கூடு என்ன ஆகும்? அக்கா யோசிக்கவே இல்லை.

“குஞ்சு பறந்து போவட்டும் தம்பி. புளி எங்க ஓடிடப்போவுது? அத்தப் போயி எதுக்குப் பேஜாரு பண்ணிக்கினு?” என்றார்.

தானாக உதிர்ந்ததை மட்டும் பொறுக்கிக்கொண்டார்.

நான் சும்மா இருந்தேனா? கூட்டைப் படமெடுத்து, ஊர்ப் பெயரையும் சேர்த்து ஸ்டேட்டஸில் வைத்தேன். பீற்றிக்கொள்ளத்தான், வேறென்ன.

அடுத்த ஞாயிற்றுக்கிழமையே இரண்டு கார் வந்து நின்றிருக்கிறது. முழ நீளத்துக்கு லென்ஸ். இலை மறைக்கிறதாம். கூட்டுக்கு நிழல் தந்த கொப்பை ஆளை ஏற்றி வெட்டச் சொல்லியிருக்கிறார்கள் பாவிகள்! அக்கா கூலி வேலைக்கு முகையூர் போயிருந்ததால் கேட்க நாதியில்லை. தலைக்குத் தொப்பி இல்லாமல் அந்த வெயிலில் பத்து நிமிடம் நிற்பார்களா இவர்கள்? இறகு முளைக்காத குஞ்சு மட்டும் நிற்க வேண்டுமா?

அந்தத் தாய் கொஞ்சிக்கொண்டு நிற்கவில்லை. வெயிலை மறைத்துக்கொண்டு நின்றது. அதுவும் எத்தனை நேரம்தான் நிற்கும்? நான்காம் நாள், மரத்தடியில் குஞ்சு செத்துக் கிடப்பதாக அக்கா போன் செய்தார்.

பஸ் பிடித்து ஓடினேன். வெட்டிய கொப்பு இலை சுருங்கி அங்கேயே கிடந்தது. பக்கத்தில் குஞ்சு, எறும்பு மொய்த்துப்போய். மேலே வெறும் கூடு.

“அவங்களுக்கு எடத்தக் காட்டுனது யாரு தம்பி?” என்று கேட்டார் அக்கா.

நான்தான் என்றேன்.

நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை. அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. பக்கத்துக் கொல்லைக்காரரைக் கூப்பிட்டு, நாளைக் காலையில் புளி உலுக்க ஆள் அனுப்பச் சொன்னார்.