கண்ணில் படாமல் ஓடினேன்

நேற்று ராத்திரி ஒரு ஸ்கூட்டர் என்மேல் ஏறியிருக்கும்.

ஏறவில்லை! அதனால்தான் இந்தப் பதிவு.

போலீஸ் வேலைக்கான ஓட்டத் தேர்வு நெருங்குகிறது. பகல் முழுக்க நாகர்கோவிலில் ஒரு துணிக்கடையில் நிற்கிற வேலை. (உட்கார ஸ்டூல் போடச் சட்டம் இருக்கிறது. ஸ்டூலும் இருக்கிறது. முதலாளியின் பை அதில் உட்கார்ந்திருக்கும்.)

வீடு வந்து சேரும்போது இருட்டிவிடும். பள்ளிக்கூட மைதானத்தைச் சாயங்காலமே பூட்டிவிடுவார்கள். மிச்சம் இருப்பது எங்கள் ஊர் கொட்டாரத்துக்கு வெளியே வயலை ஒட்டிய ரோடு.

தெருவிளக்கு உண்டு. எரியாது.

அம்மா என்னை ஓட விட்டதே ஒரு நிபந்தனையில்தான்.

"ஓடு. ஆனா நாலு பேரு கண்ணுல படாம ஓடு. கறுப்புச் சட்டையப் போட்டுக்க. நாள பின்ன பொண்ணு பாக்க வாறவன் காதுல 'ராத்திரி ரோட்டுல ஓடுத பிள்ள'ன்னு விழப்பிடாது, கேட்டியா?"

கேட்டேன். கறுப்பு டி-ஷர்ட், கறுப்பு பேண்ட், தலையில் கறுப்பு ஷால். (எனக்கே என்னைத் தெரியவில்லை.) காதில் பாட்டு வேறு. ரோட்டின் இடது ஓரம், பின்னால் வரும் வண்டிகளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு.

இப்போது அறுப்புக் காலம். ரோட்டோரத்தில் வைக்கோலைக் குவித்துப் போட்டிருந்தார்கள். குவியலைச் சுற்றிப் போக, பார்க்காமல் நடு ரோட்டுக்கு ஏறினேன்.

பின்னால் வெளிச்சம். பிரேக் சத்தம். ஸ்கூட்டர் என் முழங்கையை உரசிக்கொண்டு போய் வைக்கோலுக்குள் பாய்ந்தது!

"மாதாவே!"

வைக்கோலுக்குள்ளிருந்து எழுந்தது எங்கள் தெருவுக்கு மீன் கொண்டுவரும் பிலோமி அக்கா. காலி மீன் பெட்டி ரோட்டில் உருண்டது. தலை நிறைய வைக்கோல். வேறு ஒன்றும் ஆகவில்லை.

"எவட்டி அது? ஆளா, பேயா?"

"நான்தான் அக்கா. சரசு மவ."

"நீயா? எளவே, இடிச்சிருந்தா நான் ஜெயில்ல கெடப்பேன், நீ பெட்டிக்குள்ள கெடப்ப! ஓடுதது சரி. இருட்டுக்குள்ள இருட்டா ஏம்ட்டி ஓடுத?"

"அம்மதான் யாரு கண்ணுலயும் படாம ஓடச் சொன்னா."

"அப்படியா? ஏறு வண்டில. உங்கம்மயப் பாக்கணும்."

என் ஓட்டம் அத்தோடு முடிந்தது என்று நினைத்தேன். இனி தேர்வு இல்லை, ஆயுசுக்கும் துணிக்கடைதான். வண்டி உரசியதைவிட அந்த நினைப்புதான் என்னைப் பயமுறுத்தியது.

வாசலிலேயே அக்கா ஆரம்பித்தார்.

"சரசு, உம் மவள இன்னைக்கு நான் கொன்னுருப்பேன். யாரு கண்ணுலயும் படாண்டாம்னு சொன்னியாமே? என் கண்ணுலயும் படல, பாத்துக்க!"

அம்மா என் முழங்கையைத் தடவிப் பார்த்தாள். கை, கால், தலை, ஒவ்வொன்றாகத் தடவினாள்.

பிறகு உள்ளே போய் அலமாரியைக் குடைந்தாள். துபாயில் கட்டட வேலை பார்க்கும் அண்ணன் கொண்டுவந்த மஞ்சள் ஜாக்கெட்டோடு வந்தாள். வெளிச்சம் பட்டால் பளபளக்கும் பட்டை வைத்தது.

"நாளையிலேர்ந்து இதப் போட்டுக்கிட்டு ஓடு."

உயிரே திரும்பி வந்தது!

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். தெருவிளக்கை எரியவிடத் துப்பில்லாத ஊரில், பெண் எந்த நேரத்தில் ஓடுகிறாள் என்று பார்க்க மட்டும் ஆள் உண்டு. அவர்களுக்குப் பயந்து வண்டிக்காரர்களுக்கும் தெரியாமல் ஓடியிருக்கிறேன். எவ்வளவு பெரிய முட்டாள்தனம்!

இன்று மஞ்சள் ஜாக்கெட். காதில் பாட்டு இல்லை. வலது ஓரம், எதிரே வரும் வண்டியைப் பார்த்தபடி. தூரத்திலேயே எல்லாரும் வேகத்தைக் குறைத்தார்கள். ஒரு லாரிக்காரர் ஹெட்லைட்டைக்கூடத் தாழ்த்தினார். (அண்ணே, நல்லா இருங்க!)

திரும்பி வரும்போது பக்கத்து வீட்டு அண்ணாச்சி அம்மாவிடம் விசாரித்துக்கொண்டிருந்தார்.

"உம் மவ என்ன, ராத்திரில இப்படி மினுங்கிக்கிட்டு ஓடுதா? முக்கு திரும்பும்போதே தெரியுதே!"

அம்மா அசரவில்லை.

"தெரியுதுல்லா அண்ணாச்சி? அப்ப சரி. நீங்க வண்டில வரும்போதும் இதே மாதிரி நல்லாப் பாத்து வாங்க."