எட்டு வாளித் தண்ணீர்

மிச்சம் என்ற ஆங்கிலேய ஊரில் எங்கள் வீட்டுப் பின்வளவில் இருந்த தோட்டம் என் கணவருடையது. தக்காளி, மிளகாய், போஞ்சி, தண்டுக்கீரை எல்லாம் ஜன்னலோரம் முளைக்க வைத்து, மே மாதம் வெளியே நட்டார். நட்டு முடித்த கிழமையே முதுகுத் தட்டு விலகி மாடியில் படுத்துவிட்டார். தோட்டம் என் தலையில் விழுந்தது.

எனக்கு முதியோர் இல்லத்தில் வேலை. பகல் முழுவதும் ஆட்களைத் தூக்கி இருத்திவிட்டு டிராமில் வந்து இறங்கினால் செடிகள் வாடி நிற்கும். அந்தக் கோடையில் மழை இல்லை. வறட்சியால் ஹோஸ் குழாய் பிடிக்கவும் தடை. குளித்த தண்ணீரைத்தான் வாளியில் சுமந்தேன். ஒரு நாளைக்கு எட்டு வாளி. மேல் ஜன்னலில் இருந்து அவர் குரல் வரும்.

"இலையில படாமல் அடியில ஊத்தும்."

ஜூலையில் ஒருநாள் என்னால் முடியவில்லை. மறுநாளும் ஊற்றவில்லை.

"தண்ணி ஊத்தினீரோ?" என்று கேட்டார்.

"ஓம், விடிய ஊத்திப்போட்டன். நீங்கள் நித்திரை."

அவர் ஜன்னலுக்கு வெளியே காய்ந்து கிடந்த மண்ணைப் பார்த்தார்.

மூன்றாம் நாள் வேலையால் வந்தபோது கட்டில் வெறுமையாக இருந்தது. பின்கதவு திறந்து கிடந்தது. அவர் மண்ணில் கால் நீட்டி இருந்தார். பக்கத்தில் பன்னிரண்டு தக்காளிச் செடிகளும் வேரோடு குவிந்து கிடந்தன. பச்சைக் காய்கள் அப்படியே தொங்கின.

"என்ன செய்து வைச்சிருக்கிறீங்கள்?"

"இதுகள்தான் கனக்கத் தண்ணி குடிக்கிறது. உம்மாலை ஏலாது எண்டு எனக்குத் தெரியும். எங்கள் ரெண்டு பேருக்கும் மிளகாயும் கீரையும் காணும்."

கொஞ்ச நேரம் கழித்து, "இப்ப எழும்பத்தான் ஏலாமல் கிடக்கு" என்றார்.

முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. விதையில் இருந்து அவர் வளர்த்தவை. ஒரு பொய் சொன்னதற்கு இவ்வளவு தண்டனையா என்று நினைத்தேன். அவர் முகத்தில் தண்டிக்கிற எண்ணம் எதுவும் இல்லை. நோவில் உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தார். வேலையில் தூக்குவது போல அவருடைய கைக்குள் கை கொடுத்து, உள்ளிருந்து கொண்டுவந்த கதிரையைப் பிடிக்கவைத்து, மெல்ல எழுப்பினேன். மாடி ஏறி முடிக்க அரை மணித்தியாலம் எடுத்தது.

பச்சைத் தக்காளியை ஒரு கிழமையாகக் கறி வைத்தேன். புளித்தது. இருவரும் சாப்பிட்டோம். மிச்சச் செடிகளுக்கு மூன்று வாளி போதுமாக இருந்தது. அதுவும் பாரமாகத்தான் இருந்தது. ஆனால் ஊற்றாத நாட்களில், "இண்டைக்கு ஏலாது" என்று அவரிடம் சொல்லிவிட்டுப் படுத்தேன்.