பையோடு நட்ட கன்றுகள்

மன்னவனூரில் எங்கள் தொண்டு நிறுவனத்தின் நர்சரியில் ஒரு அக்கா வேலை பார்த்தார். கன்று நட்டதும், கிழித்த பிளாஸ்டிக் பையை மடித்து இடுப்பில் செருகிக்கொள்வார். வெளிநாட்டுத் தொண்டர்கள், தாங்கள் வந்த விமானம் கக்கிய புகைக்கு ஈடாக நட்டுப்போன கன்றுகளை, மறுநாள் அவர் தோண்டிக்கொண்டிருந்தார்.

“என்னக்கா பண்றீங்க?”

“பையோட நட்டுட்டுப் போயிருக்காக. வேரு எங்கிட்டுத் தம்பி போகும்? ஊருல பொம்பளைக நாங்க சோலியில்லாம கெடக்கோம். கூப்பிட்டா நடந்தே வந்து நட்டிருக்க மாட்டோமா? படிச்சவரு, நீங்க சொல்லக் கூடாதா?”

இனி ஊர்ப் பெண்களே நடட்டும் என்று கோபத்தோடு அன்றே தலைமை அலுவலகத்துக்கு எழுதினேன். அடுத்த வெளிநாட்டுக் குழுவுக்கு டிக்கெட் போட்டாயிற்று, மதுரை விமான நிலையத்துக்கு ஜீப்போடு போகவும் என்று பதில் வந்தது. முடியாது என்று எழுதாமல், ஜீப்பை எடுத்துக்கொண்டு போய் அவர்களை ஏற்றிவந்தேன்.

ஜீப் ஊருக்குள் நுழைந்தபோது அக்கா ரோட்டோரம் நின்றிருந்தார். “கூட்டியாந்துட்டீங்களா தம்பி?” என்றார். திட்டியிருந்தால்கூடத் தேவலை.