போனவரிடம் கேட்பது எப்படி

தொழிற்சாலையில் அவளுக்கு 'நிமிஷம்' என்று பெயர். முதுகுக்குப் பின்னால் வைத்த பெயர்தான், ஆனால் முதுகுக்கும் காது உண்டு. அட்டைப் பெட்டி செய்யும் அந்தத் தொழிற்சாலையின் நேர அலுவலகத்தில், யார் எப்போது உள்ளே வந்தார்கள், எப்போது வெளியே போனார்கள் என்று பார்ப்பதே அவள் வேலை. ஒரு நிமிடம் பிந்தினாலும் பிந்தியதுதான். அதற்காக யாரையும் திட்டமாட்டாள், முறைக்கவும் மாட்டாள். ஜன்னலுக்கு வெளியே மூச்சு வாங்கிக்கொண்டு நிற்கிறவரிடம் மணியை மட்டும் சொல்லுவாள். "எட்டு நாலு." அவ்வளவுதான். இந்தப் பொம்பளை நாலு வார்த்தை திட்டித் தொலைத்தால்கூடத் தேவலை என்று பலர் நொந்துகொண்டதுண்டு.

நாற்பத்தாறு வயதில் அவள் மனிதவள மேலாண்மை முதுகலைப் படிப்பில் சேர்ந்தாள். மாலை வகுப்பு. கைரேகை வைக்கும் இயந்திரம் வந்துவிட்டது, இனி நேர அலுவலகம் நிலைக்காது, பட்டம் இருந்தால் மனிதவளப் பிரிவில் ஒரு நாற்காலி கிடைக்கும் என்று மேலாளரிடம் சொன்னாள். அதில் பொய் இல்லை. ஆனால் அது முழு உண்மையும் இல்லை. முழு உண்மை என்னவென்றால், அவளுக்குச் சாயங்காலங்களைக் கண்டாலே பயமாக இருந்தது.

கணவன் நோயில் போய்ப் பல வருடங்கள் ஆகிவிட்டன. அந்தத் தனிமையை அவள் எப்படியோ பழகிக்கொண்டாள், ஏனென்றால் கையைப் பிடித்துக்கொள்ள ஒரு மகள் இருந்தாள். அந்த மகள் போன வருடத்துக்கு முந்தின வருடம் ஒரு பெட்டியும் ஒரு பையுமாக வீட்டைவிட்டுப் போனாள். கல்யாணம் ஆகிப் போகவில்லை, சண்டை போட்டுக்கொண்டும் போகவில்லை. "புது வேலைக்குப் பக்கமா ஒரு ரூம் பாத்திருக்கேம்மா" என்றாள். பக்கமாம். இதே ஊர்தான். ஒரே பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தால் அந்தக் கோடியில் இறங்கிவிடலாம். அந்தத் தூரத்துக்கு யாராவது தனி அறை எடுப்பார்களா? ஞாயிற்றுக்கிழமைகளில் போன் வரும். சாப்பிட்டியா, சாப்பிட்டேன், நீ சாப்பிட்டியா, உடம்பு எப்படி இருக்கு. இரண்டு பேரும் வயிறார விசாரித்துவிட்டு வைத்துவிடுவார்கள். ஏன்டி போனாய் என்ற கேள்வி தொண்டையில் சிக்கிய முள்ளாக இருந்தது. உள்ளேயும் போகவில்லை, வெளியேயும் வரவில்லை.

வகுப்பில் மற்றவர்கள் எல்லாம் இருபத்திரண்டு, இருபத்துமூன்று. நல்ல பிள்ளைகள், மரியாதை தெரிந்தவர்கள். அந்த மரியாதைதான் ஆளைக் கொன்றது. "ஆன்ட்டி, நோட்ஸ் குடுங்க ஆன்ட்டி" என்று வாங்கிக்கொண்டு போவார்கள், திருப்பிக் கொடுக்கும்போது "தேங்க்ஸ் ஆன்ட்டி" என்பார்கள். டீ குடிக்கப் போகும்போது மட்டும் ஆன்ட்டி யாருக்கும் ஞாபகம் வரமாட்டாள். அவள் பக்கத்து நாற்காலியில் எல்லோருடைய பைகளும் உட்கார்ந்திருக்கும், ஆட்கள் அடுத்த வரிசையில் இருப்பார்கள். மனிதத் தேவைகளை அடுக்கடுக்காக வரைந்த ஒரு படம் பாடத்தில் வந்தது. கீழ்த்தட்டில் சோறு, தூக்கம். அதற்கு மேலே பாதுகாப்பு. அதற்கும் மேலேதான் உறவாம். உறவு மூன்றாம் மாடியில் இருக்கிறது, சரி, லிஃப்ட் வேலை செய்கிறதா என்று எந்தப் புத்தகமாவது போட்டிருக்கிறதா?

மூன்றாம் பருவத்தில் களப்பணி வந்தது. வேலையைவிட்டுப் போனவர்களைத் தேடிப்பிடித்து, ஏன் போனீர்கள் என்று கேட்டு, பேச்சைப் பதிவுசெய்து, அப்படியே எழுதிக் கொடுக்க வேண்டும். விலகல் நேர்காணல் என்று அதற்குப் பெயர். சொல்லிக்கொடுத்த விரிவுரையாளர் அவளைவிடப் பத்து வயது சின்னவர், அவளை மட்டும் "மேடம்" என்று கூப்பிடுவார்.

"இருக்கிறவங்க உண்மை சொல்ல மாட்டாங்க, சம்பளம் வாங்கணுமே" என்றார் அவர். "போனவங்க சொல்லுவாங்க. ஆனா போன அன்னைக்கு இல்ல, கோபமெல்லாம் ஆறினப்புறம். நீங்க செய்ய வேண்டியது ஒண்ணுதான், வாயைத் திறக்காம கேக்கறது. அப்படி இல்லைங்கன்னு மறுத்துப் பேசினீங்கன்னா அதோட சரி, கதவைச் சாத்திட்டுப் போயிடுவாங்க. கடைசியா, நிலைமை மாறினா திரும்ப வருவீங்களான்னு கேக்கணும். கேக்கத்தான் கேக்கணும், கெஞ்சக் கூடாது."

எல்லோரும் எழுதிக்கொண்டார்கள். அவள் எழுதவில்லை. போன அன்றைக்கு இல்லை, ஆறின பிறகு என்று அவர் சொன்னதோடு அவளுடைய காது நின்றுவிட்டது. தன் வீட்டில் ஆறியிருக்குமா என்று யோசித்துக்கொண்டிருந்தாள்.

முதலில் அவள் போனது, தன் தொழிற்சாலையில் ஒட்டும் பிரிவிலிருந்து விலகிய ஒரு பெண்ணிடம். இப்போது ஒரு தையல் கடையில் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள் அந்தப் பெண். போகும்போது 'சொந்தக் காரணம்' என்று எழுதிக் கொடுத்தவள். துணிக்குவியலை ஒதுக்கி ஸ்டூல் போட்டுக் கொடுத்தாள். பதிவு ஓட ஆரம்பித்ததும் ஊசியைத் துணியில் குத்தி நிறுத்தினாள்.

"உங்களாலதான் போனேன்னு சொன்னா எழுதிக்குவீங்களாக்கா?"

"சொல்லும்மா."

"என் பையனுக்கு ராத்திரியெல்லாம் காய்ச்சல். ஆஸ்பத்திரியில விட்டுட்டு ஓடி வந்தேன். எதுவும் கேக்கல நீங்க. மணியைச் சொன்னீங்க. அரை நாள் சம்பளம் போச்சு. அரை நாள் போனதுகூடப் பெருசில்லக்கா..."

இங்கேதான் அவள் சும்மா இருந்திருக்க வேண்டும். இருக்கவில்லை. "அது ரூல்மா. நான் போட்ட ரூலா? ஒருத்தருக்கு விட்டா நாளைக்கு எல்லாரும் கேப்பாங்க. நீ சொல்லியிருந்தா நான் மேல பேசியிருப்பேன்ல" என்று மூச்சுவிடாமல் ஆரம்பித்துவிட்டாள். அந்தப் பெண் மறுக்கவே இல்லை. தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுவிட்டு நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். "ஆமாக்கா, நீங்க சொல்றதும் சரிதான். எனக்குக் கொஞ்சம் உடம்பு சரியில்ல அப்போ. அப்படியே எழுதிக்குங்க." அதற்கு மேல் என்ன கேட்டும் பெயரவில்லை. டீ வாங்கிக் கொடுத்து மரியாதையாக அனுப்பிவைத்தாள்.

எழுதிக் கொடுத்ததைப் படித்துவிட்டு விரிவுரையாளர் சங்கடத்தோடு சிரித்தார். "மேடம், அவங்க பேசினதைவிட நீங்க பேசினதுதான் அதிகமா இருக்கு." அவளுக்குச் சுருக்கென்றது. பெருசில்லக்கா என்று அந்தப் பெண் நிறுத்தினாளே, பெரியது எது என்று கடைசிவரை தெரியாமலே போய்விட்டது. தானே கதவைத் தாழ்போட்டுவிட்டு, உள்ளே என்ன இருந்ததோ என்று விசனப்பட்டு என்ன பயன். அடுத்தடுத்த நேர்காணல்களில் அவள் வாயைக் கட்டப் பழகினாள். நாக்கைப் பல்லுக்கு நடுவில் வைத்துக்கொண்டால் பேச்சு வராது என்று கண்டுபிடித்தாள். ஆச்சரியமாக, அவள் பேசாமல் இருந்தால் எதிரில் இருப்பவர்கள் பேசினார்கள். சம்பளம் போதவில்லை என்று ஆரம்பித்தவர்கள் கொஞ்ச நேரத்தில் அந்த இடத்தைத் தாண்டி வேறு எங்கோ போனார்கள். அந்த வேறு எங்கோதான் காரணம். முதலில் சொன்னது ஊருக்குச் சொன்னது.

வேலைக்குப் பக்கமா ஒரு ரூம். அதுவும் ஊருக்குச் சொன்னதுதான் என்று அவளுக்கு இப்போது தெரிந்துவிட்டது.

களப்பணிக்கு இன்னும் ஒரே ஒரு ஆள் குறைந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை காலை மகள் போன் செய்து, சாப்பிட்டியா என்று இருவரும் கேட்டு முடித்ததும், அவள் வைக்காமல் பிடித்துக்கொண்டாள்.

"எனக்கு ஒரு உதவி பண்றியா? காலேஜுக்கு ஒரு ஆள் குறையுது. வேலையை விட்டவங்களா இருக்கணும். நீ அந்த கூரியர் ஆபீஸை விட்டல்ல."

மகள் சிரித்தாள். "என்னையா? சரி, கேளு. என் பேர் போட மாட்டியே?"

"யார் பேரும் போடக் கூடாது."

கேள்வித்தாளை மடியில் வைத்துக்கொண்டு வரிசையாகக் கேட்டாள். என்ன வேலை, எவ்வளவு நாள், மேலே இருந்தவர் எப்படி. மகள் சரளமாகப் பதில் சொன்னாள். தலைமைக் கிளார்க்குக்கு வாய் துர்நாற்றம் என்று சொல்லிச் சிரிக்கவும் செய்தாள். இவ்வளவு நேரம் இருவரும் பேசி எத்தனையோ நாளாயிற்று. அந்தச் சந்தோஷத்திலேயே நிறுத்திவிடலாம் என்று அவளுக்குத் தோன்றியது. தாளில் அடுத்த கேள்வி இருந்தது.

"கிளம்பிடணும்னு உனக்கு முதல்ல எப்போ தோணுச்சு?"

அந்தப் பக்கம் மின்விசிறி சுற்றும் சத்தம் மட்டும் கேட்டது.

"எங்க இருந்து கிளம்பணும்னும்மா?" என்றாள் மகள், மெதுவாக.

கூரியர் ஆபீஸ்தான்டி என்று சொல்லியிருக்கலாம். நல்ல மதிப்பெண் வந்திருக்கும். அவள் கேள்வித்தாளைக் குப்புறக் கவிழ்த்தாள்.

"எதைச் சொல்லணும்னு தோணுதோ, அதைச் சொல்லு."

பிறகு மகள் பேசினாள்.

"கூரியர் ஆபீஸை நான் விடலம்மா. அவங்க என்னை அனுப்பிட்டாங்க. ஒரு பார்சல் தொலைஞ்சு போச்சு, என் மேல போட்டுட்டாங்க. எல்லார் முன்னாடியும் பையைத் தொறந்து காட்டச் சொன்னாங்க. சாயங்காலம் எங்க போறதுன்னு தெரியாம நடந்துக்கிட்டே இருந்தேன். அப்புறம் அம்மாகிட்டப் போகலாம்னு வந்தேன். கதவைத் தொறந்து உள்ள வந்தா, நீ கடிகாரத்துக்குக் கீழ உக்காந்திருந்த. என்னைப் பாத்து 'எட்டு இருபது'ன்ன."

அவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"தினமும் சொல்றதுதான். சின்ன வயசுலேருந்து. வந்தியான்னு நீ கேட்டதே இல்ல, மணியைத்தான் சொல்லுவ. அது ஒண்ணும் திட்டு இல்லன்னு எனக்குத் தெரியும். ஆனா அன்னைக்கு என்னால முடியல. வீட்டுலயும் உன் ஆபீஸ் ஜன்னலுக்கு வெளிய நிக்கற மாதிரியே இருந்துச்சு. போய் முகத்தைக் கழுவிட்டுப் படுத்துட்டேன். அன்னைக்குத்தான் தோணுச்சு."

சொல்ல வேண்டியது அவளுக்கு மளமளவென்று ஏறிக்கொண்டு வந்தது. அத்தனையும் நியாயம். ஒரு வார்த்தை சொன்னால் போதும், மகள் "ஆமாம்மா, நீ சொல்றதும் சரிதான்" என்றுவிடுவாள். நல்ல பிள்ளை, அதைத்தான் சொல்லுவாள். அப்புறம் அடுத்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து சாப்பிட்டியா, சாப்பிட்டேன். இரண்டு பேருக்கும் ஆயுள் முழுக்க அதுதான்.

"அப்புறம்?" என்றாள்.

"அப்புறம் ஒண்ணுமில்ல. வேற வேலை தேடினேன், ரூம் தேடினேன். உனக்குத் தெரியுமே." மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. "நீ ஒண்ணும் சொல்லலையே."

"கேக்கத்தான் உக்காந்திருக்கேன்." கவிழ்த்த கேள்வித்தாளை நிமிர்த்தினாள். "கடைசிக் கேள்வி ஒண்ணு இருக்கு. நிலைமை மாறினா திரும்ப வருவியா?"

கெஞ்சாமல்தான் கேட்டாள். அப்படிக் கேட்பதற்கு அவள் பட்ட பாடு யாருக்கும் தெரியாது. மகள் அவசரப்படாமல் யோசித்தாள்.

"இருக்க வரமாட்டேம்மா. பாக்க வரேன். வர்ற ஞாயித்துக்கிழமை வரட்டுமா?"

எத்தனை மணிக்கு என்ற கேள்வி தானாக வாய்வரை வந்துவிட்டது. அதை விழுங்கினாள். "சரி" என்று மட்டும் சொன்னாள்.

போனை வைத்த பிறகு எழுந்து சமையலறைக்குப் போனாள். அடுப்பைப் பார்த்து நின்றுகொண்டு, அதுவரை அடக்கி வைத்திருந்த அத்தனையையும் வாய்விட்டுச் சொன்னாள். "இருட்டுறதுக்கு முன்னாடியிருந்து ஜன்னல்லயேதான்டி நிப்பேன். நீ தெருமுனையில திரும்பறது தெரிஞ்சாத்தான் எனக்கு மூச்சே வரும். இப்படிப் பயந்து சாகுறேன்னு நீ பாத்துடக் கூடாதுன்னு ஓடிவந்து உக்காந்துக்குவேன். உக்காந்ததும் என்ன பேசறதுன்னு தெரியாது. எனக்குத் தெரிஞ்சதே அது ஒண்ணுதான்." பாத்திரங்கள் எல்லாம் கேட்டுக்கொண்டிருந்தன. அழுகை நின்றதும் முகத்தைக் கழுவினாள்.

மகளிடம் இதைச் சொல்ல வேண்டுமா என்று யோசித்தாள். வேண்டாம் என்றுதான் பட்டது. அதற்கு இன்னும் காலம் இருக்கிறது, கேட்டால் சொல்லிக்கொள்ளலாம். வருகிற ஞாயிற்றுக்கிழமை கதவு திறந்ததும் சொல்ல வேண்டியது ஒரே ஒரு சொல்தான். கூடத்துக்கு வந்து, சாத்தியிருந்த வாசல் கதவைப் பார்த்து நின்றாள்.

"வா" என்றாள்.

கண்டிப்பாக இருந்தது. ஆபீஸில் அடுத்த ஆளைக் கூப்பிடுவது மாதிரியே இருந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டு, யாருமில்லாத வீட்டில் இன்னொரு முறை சொல்லிப் பார்த்தாள்.