ஏசி ரயிலில் குரூப் ஃபோர்

பெரும்பாக்கம் குடியிருப்பில் மெட்டில்டாவின் வீடு ஏழாவது மாடி. அதற்கு மேலே மொட்டை மாடி, அதற்கும் மேலே சூரியன். மே மாதத்தில் சாயங்காலம் ஏழு மணிக்குக்கூடக் கூரை தோசைக்கல் மாதிரி கொதிக்கும். ஃபேன் சுற்றிச் சுற்றிச் சூட்டை எல்லோருக்கும் சமமாகப் பங்கு போடும். அந்த ஃபேனுக்குக் கீழே படித்துத்தான் குரூப் ஃபோர் பரீட்சையில் இரண்டு தடவை கோட்டை விட்டாள்.

"உன் மண்டைல இன்னாதான் கீது?" என்று கேட்டார் ஆட்டோ ஓட்டும் அவள் கணவர் ஞானையா.

"வேர்வ."

மெட்டில்டாவுக்கு முப்பத்தாறு வயது. பன்னிரண்டு வருடமாகத் தாம்பரம் மெப்ஸ் ஏற்றுமதி வளாகத்தில் ஒரு தகர ஷெட்டுக்குள் காலர் தைக்கிறாள். குளிர் நாட்டுக்காரன் போடுகிற சட்டை. வருஷா வருஷம் வெயில் ஏற ஏற, மூன்று மணிக்கு மேல் தையல் கோணுகிறது. சூப்பர்வைசர் கத்துவார், பிறகு அவரே மயங்கி நாற்காலியில் சாய்வார். சர்க்கார் வேலை கிடைத்தால் ஷெட்டிலிருந்து விடுதலை. அதற்குப் படிக்க வேண்டும், படிக்கக் கொஞ்சம் குளிர் வேண்டும்.

முதலில் ஏடிஎம்முக்குள் நின்று படித்தாள். மூன்றாம் நாள் வாட்ச்மேன் விரட்டினார். அப்போதுதான் ஏசி லோக்கல் வந்தது. தாம்பரத்திலிருந்து பீச் ஸ்டேஷன் வரை மாதச் சீசன் டிக்கெட் எடுத்துவிட்டாள்.

"பீச்சுல உனுக்கு இன்னா வேல?" என்றார் ஞானையா.

"பாடம் கீதுய்யா."

ஷிப்ட் முடிந்ததும் ஏறுவாள். பல்லாவரம் தாண்டுவதற்குள் சங்க காலம் முடிந்துவிடும். கிண்டியில் வெள்ளைக்காரன் வருவான், பார்க் ஸ்டேஷனில் சுதந்திரம். கடலை எட்டிக்கூடப் பார்க்காமல் அதே வண்டியில் திரும்புவாள். திரும்பும் வழி கணக்குப் பாடத்துக்கு.

"பீச்சுல எறங்கவே மாட்டியாம்மா?" என்றார் டிக்கெட் பரிசோதகர் துரைராஜ்.

"எறங்குனா வேர்க்கும் சார்."

அதற்குப் பிறகு அவர் சீசனைக் கேட்பதை விட்டுவிட்டுக் கேள்வி கேட்க ஆரம்பித்தார்.

"அடிப்படைக் கடமை எத்தினி?"

"பதினொண்ணு சார்."

நாற்பது தடவையாவது கேட்டிருப்பார். நாற்பது தடவையும் பதினொண்ணு.

ஜூலையில் பரீட்சை. கோவிலம்பாக்கத்தில் ஒரு பள்ளிக்கூடம், ஆஸ்பெஸ்டாஸ் கூரை. பதினோரு மணிக்குக் கரண்ட் போனது. விடைத்தாளில் வேர்வை சொட்டாமல் இருக்கத் துப்பட்டாவை நெற்றியில் கட்டிக்கொண்டாள். நூற்று அறுபத்திரண்டாவது கேள்வி: அடிப்படைக் கடமைகள் எத்தனை? அவள் மண்டைக்குள் தார் உருகிக்கொண்டிருந்தது. பத்து என்ற வட்டத்தைக் கருப்பாக்கிவிட்டு அடுத்ததற்குப் போனாள். வெளியே வந்து ஒரு வாய் மோர் குடித்தாள், பதினொண்ணு ஞாபகம் வந்தது. மீதி மோரைக் குடிக்கவில்லை.

ரிசல்ட் வந்தது. ஒரே ஒரு கேள்வியில் போயிற்று.

மறுநாளே அதே வண்டி, அதே சீட்டு. விஷயத்தைச் சொன்னதும் துரைராஜ், "எந்தக் கேள்விம்மா?" என்றார்.

"உங்க கேள்விதான் சார்."

எதிரில் உட்கார்ந்துவிட்டார்.

"நாளைக்கி வர மாட்டேன்," என்றாள் மெட்டில்டா. "நாளைக்கி லீவு. மத்தியானம் ரெண்டு மணிக்கி வூட்லயே ஒக்காந்து சொல்லிப் பாக்கப்போறேன். வேல நாள் இங்க, லீவு நாள் ஏழாவது மாடி. பரீட்சை ஹாலுக்கு எவன் ஏசி போடப்போறான்? மூளையத்தான் வேக வச்சுப் பழக்கணும்."

"வெந்து பூடாதாம்மா?"

"பாதி வெந்தாச்சு சார். மீதி போதும், பாஸாவ."

புத்தகத்தைப் பிரித்தாள். பல்லாவரம் தாண்டியாயிற்று. சங்க காலம் இன்னும் தொடங்கவில்லை.