புளித்தண்ணீரில் ஊறிய கடல் முள்ளெலி

டிசம்பர் 23, செவ்வாய்க்கிழமை. எழுந்து வாசலைப் பெருக்கினேன், கஞ்சி குடித்தேன், பழவேற்காட்டிலிருந்து முதல் பஸ்ஸில் பொன்னேரிக்குப் போனேன். கல்லூரியில் தேர்வு மேற்பார்வை. கிறிஸ்துமஸ் குடிலுக்கு வைக்கோல் வேண்டும் என்று தம்பி மனைவி சொல்லியிருந்தாள். திரும்பும்போது திருப்பாலைவனத்தில் இறங்கி ஒரு கட்டு வாங்கினேன்.

வீட்டுத் திண்ணையில் பித்தளை மெழுகுவத்தித் தண்டுகள் பளபளவென்று காய்ந்துகொண்டிருந்தன. அவற்றோடு என் கல்லும்.

அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புப் பாறையில் நான் எடுத்த கடல் முள்ளெலியின் புதைபடிவம் அது. முதுகில் ஐந்து இதழ் நட்சத்திரம். அதன் நடுவில் முட்டை வெளியேறிய நான்கு துளைகள். துளை சிறிதென்றால் முட்டையும் சிறிது. அதன் இளவுயிரி கடலில் மிதந்து, இரை தின்று வளர்ந்திருக்கும். பெரிதென்றால் கருவுணவு நிறைந்த முட்டை. இளவுயிரிக்கு இரை வேண்டாம். இரை பிடிக்கும் உறுப்புகளை ஒரு வம்சம் இழந்துவிட்டால் பெரும்பாலும் அவை திரும்புவதில்லை. அந்த இழப்பு எப்போது நடந்தது என்று சொல்ல என்னிடம் இருந்தது இந்த ஒன்றுதான். துளைகளை அடைத்திருந்த சுண்ணாம்பை ஊசியால் எடுத்துவிட்டு அளக்கலாம் என்று ஜன்னலோரம் வைத்திருந்தேன்.

"இன்னா அண்ணி, பேயறைஞ்ச மாதிரி நிக்கிற?" என்றாள் தம்பி மனைவி.

"இத இன்னாடி பண்ண?"

"அழுக்கா கீதேனு ராத்திரியே தண்டோட புளித்தண்ணில போட்டேன். எப்டி நுரைச்சுது தெரியுமா! நட்சத்திரம் கீதே, குடில் மேல வெக்கலாம்னு."

"நுரைச்சது அழுக்கு இல்லடி. கல்லே கரைஞ்சுது."

"ஐயய்ய! வேற ஒண்ணு பொறுக்கினு வா அண்ணி. அந்த ஊர்ல கல்லுக்கா பஞ்சம்?"

நான் அதை எடுத்த பாறைப் படுகையை சிமெண்டுக்காகத் தோண்டி முடித்துவிட்டார்கள். கடைசியாகப் போனபோது பள்ளம் நிறையத் தண்ணீர்தான் நின்றது. கல்லை உள்ளே எடுத்துப் போனேன்.

உருப்பெருக்கியில் பார்த்தேன். நான்கு துளைகளும் அகலமாகத் திறந்திருந்தன. நான் எதிர்பார்த்தது போலவே பெரியவை. அவை முதலிலேயே பெரியவையா, புளி அரித்துப் பெரிதாக்கியதா என்று இனி யாராலும் சொல்ல முடியாது. அளந்து ஆய்விதழுக்கு எழுதி அனுப்பினால் நம்புவார்கள். அளவுமானியை எடுத்து முதல் துளையருகே கொண்டுபோனேன். பிறகு அளவுமானியை அதன் உறையில் போட்டு மூடினேன்.

மறுநாள் காலை முதல் வேலையாக, கல்லின் அடியில் எழுதியிருந்த ஆய்வு எண்ணைச் சுரண்டி எடுத்துவிட்டு, குடில் மேல் வைக்கக் கல்லைத் தம்பி மனைவியிடம் கொடுத்தேன்.